புனையா ஓவியம்: கோட்டில் நின்ற முகங்கள்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை கூதிர்க்காலத்து நள்ளிரவு ஒன்றைக் காட்டுகிறது. வாடை வீசுகிறது. மழை ஓய்ந்தும் தூவானம் ஓயவில்லை. அரசன் போர்ப்பாசறையில் இருக்கிறான். அரசியோ அரண்மனையின் உள்ளறையில், யானை மருப்பினால் கடைந்த கால்களையுடைய கட்டிலின்மேல் உறக்கமின்றி இருக்கிறாள். கட்டிலுக்கு மேலே, மெழுகு பூசி வழவழப்பாக்கிய துணி விதானமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் மேடம் முதலாகிய இராசிகளையும், அவற்றினூடே இயங்கும் ஞாயிற்றையும், திங்களையும், திங்களைப் பிரியாத உரோகிணியையும் ஓவியர் எழுதி வைத்திருக்கின்றனர். அந்த உரோகிணியை அண்ணாந்து நோக்கி அரசி பெருமூச்செறிகிறாள்.

அவள் மேனியில் அணிகள் இல்லை. பெரிய குழைகளைக் களைந்த காதில் சிறு குழை மட்டும் கிடக்கிறது. பொன்வளை அழுத்திய தழும்புடைய முன்கையில் சங்கு வளையும் காப்பு நாணும் இருக்கின்றன. பூந்துகில் உடுத்த இடையில் மாசேறிய நூலாடை. இந்நிலையில் இருப்பவளுக்கு நக்கீரர் ஓர் உவமை தேடுகிறார். வாடிய கொடியும், மழையில் நனைந்த மலரும், பகலில் தோன்றும் நிலவும் புலவர் கைக்கு எளிதில் அகப்படுவன. அவற்றையெல்லாம் விடுத்துப் ‘புனையா ஓவியம்’ போன்றாள் என்கிறார். மேலே வண்ணம் தீட்டிய ஓவியம். கீழே வண்ணம் தீட்டாத ஓவியம். இவ்விரண்டையும் ஒரே கட்டிலுக்கு மேலும் கீழுமாக வைத்த நக்கீரரின் திறம் எண்ணி மகிழத்தக்கது.

புனைதல் என்றால் அணி செய்தல், வண்ணம் தீட்டுதல். ஆகவே புனையா ஓவியம் என்பது வண்ணம் கொண்டு நிரப்பாமல் வடிவை மட்டும் கோட்டினால் காட்டிய சித்திரம். உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் இவ்வாறே பொருள் கொண்டார். மணிமேகலையிலும் இச்சொல் வருகிறது. கேட்போர் அறியாத பொருளைப் புலவர் உவமையாகக் கூறார். எனவே, வண்ணமின்றிக் கோட்டளவில் நின்ற உருவச் சித்திரம் அக்காலத்துத் தமிழர் கண்டு பழகிய ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அதற்குத் தனிப் பெயரும் இருந்தது. பரங்குன்றத்துக் கோயிலில் இருந்த ‘எழுத்துநிலை மண்டபத்தை’ப் பரிபாடல் பாடுகிறது. அங்கே காமனையும் இரதியையும், அகலிகையையும் கோதமனையும் எழுதியிருந்த ஓவியங்களைச் சுட்டிக்காட்டி, இவர் யார், அவர் யார் என்று ஒருவரையொருவர் வினவியபடி மக்கள் நடந்தனராம். ஓவியம் அறிந்த மக்கள் அவர்கள்.

நாம் வாழும் இந்நகரில் இவ்வேற்றுமையை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பண்டிகை நாள் காலையில் ஒரு கட்டடத்தின் படிகளில் ஏறிப் பாருங்கள். மராட்டியக் குடும்பத்தின் வாயிலில் செம்மையும் மஞ்சளும் பச்சையும் நிரப்பிய ரங்கோலி இருக்கும். அடுத்த வாயிலில் நம்மவர் இட்ட புள்ளிக்கோலம், வெறும் வெள்ளைக் கோடாய், புள்ளிகளைச் சுற்றி வளைந்து கிடக்கும். இரண்டும் அழகே. ஆனால் கோலத்தில் கை தவறினால் மறைப்பதற்கு வண்ணம் இல்லை.

தமிழில் ‘எழுது’ என்ற சொல் ஓவியத்துக்கும் உரியது. ‘வரை’ என்பதும் அவ்வாறே. அலுவலகத்தில் நாங்கள் அன்றாடம் மேலதிகாரிக்கு வைக்கும் ‘வரைவு’ இந்த வரைதலிலிருந்து வந்ததுதான். முதலில் வரைவு, பின்னர் செவ்வைப்படி. செவ்வைப்படி வெளியே செல்லும்; வரைவு கோப்பிலேயே தங்கும். ஆயினும் ஒரு முடிவு எவ்வாறு பிறந்தது என்பதை அறிய விரும்புகிறவன் வரைவைத்தான் புரட்டுவான்.

நம் அகப்பொருள் மரபில் வரைவுச் சித்திரத்துக்கு வியப்பான இடம் ஒன்று உண்டு. காதல் கைகூடாத தலைவன் மடலேறத் துணியும்போது, தலைவியின் உருவைத் துணியில் எழுதிக் கையில் ஏந்தி ஊர்த்தெருவில் வருவான். அத்துணிக்குக் ‘கிழி’ என்று பெயர். அவன் கைதேர்ந்த ஓவியனல்லன். பனங்கருக்கால் செய்த குதிரையில் அமர்ந்து, எருக்கம்பூச் சூடி, நாணத்தைக் கைவிட்டு வருகிறவன். அவன் பொன்னும் அரக்கும் கொண்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கவா போகிறான்? அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் சொல்லப்படாத அந்தப் பெண் இன்னாள் என்பதை ஊரார் அறிய வேண்டுமானால், அந்தக் கிழியில் உள்ள கோடுகளே சொல்லியாக வேண்டும். நெற்றியின் வளைவு, புருவம், நிற்கும் நிலை ஆகிய இவற்றிலேயே அவள் இருக்க வேண்டும். உருவச் சித்திரத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வு எந்த நாட்டுக் கலை நூலிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வடமொழி நூல்களும் இதனை அறிந்தே பேசுகின்றன. விஷ்ணுதர்மோத்தரம் என்னும் நூலின் ஒரு பகுதியாகிய சித்திரசூத்திரம், ஓவியத்தில் யார் எதைப் புகழ்வர் என்று வகுத்துரைக்கிறது. ஆசிரியர்கள் கோட்டைப் புகழ்வராம். நுண்ணறிவினர் ஒளி நிழல் காட்டும் திறத்தைப் புகழ்வராம். பெண்டிர் அணிகலன்களை விரும்புவராம். ஏனையோர் வண்ணப் பெருக்கில் மயங்குவராம். பெண்டிரைப் பற்றிய பகுதியை இக்காலத்துப் பெண்கள் ஒப்புக்கொள்ளார். அது நிற்க. கோட்டுக்கு முதலிடம் தந்திருப்பதே நாம் கருதத்தக்கது. இந்நூலை ஆராய்ந்து 1978இல் தனிநூல் வெளியிட்டவர் நம் தமிழறிஞர் சி. சிவராமமூர்த்தி. தென்னிந்திய ஓவியங்களைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

இன்னும் தெளிவாகப் பேசுவது மானசோல்லாசம். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றியது. (கல்யாணி இன்று கருநாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்னும் பெயரோடு விளங்குகிறது.) அவன் ஓவியத்தை வகைப்படுத்தும்போது, கண்ணாடியில் தோன்றும் நிழல்போல் ஒருவரை உள்ளபடியே காட்டுவதை ‘வித்தம்’ என்கிறான். ‘வரைந்து பார்ப்போம்’ என்ற எண்ணம் திடீரென்று தோன்ற, அந்த வேகத்திலேயே வடிவம் மட்டும் புலப்படுமாறு வரைவதை ‘அவித்தம்’ என்கிறான். அவித்தத்தை முடிவுறாத வேலை என்று அவன் ஒதுக்கவில்லை. அதுவும் ஒரு சித்திர வகையே என்று பெயரிட்டு வரிசையில் அமர்த்துகிறான். அவ்வாறு வரைவதற்குரிய எழுதுகோலையும் அந்நூலே சொல்கிறது. விளக்குக் கரியைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, திரிபோல் உருட்டி உலர்த்தினால் அதுவே வர்த்திகை. விளக்கும் சோறும் இல்லாத வீடு ஏது? நம் காப்பியங்களில் ஓவியர் தொழிலோடு வரும் ‘வட்டிகை’ என்ற சொல் இந்த வர்த்திகைக்கு ஒலியால் மிக நெருங்கி நிற்பதையும் இங்கே நினைக்கலாம்.

காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை நினைவிலிருந்தே வரைகிறான். படம் முடியவில்லை; பின்னணியில் மாலினி ஆறும் அன்னங்களும் இன்னும் எழுதப்பட வேண்டும் என்கிறான். முடியாத அப்படத்தில் அவளைச் சுற்றும் வண்டைப் பார்த்து உண்மை வண்டென்றே எண்ணி அதட்டுகிறான். உஷையின் தோழி சித்திரலேகையோ, கனவில் வந்தவன் யார் என்று கண்டுபிடிக்க அரசகுமாரர்களை ஒருவர்பின் ஒருவராக வரைந்து காட்டுகிறாள். அநிருத்தன் முகம் வந்ததும் உஷை நாணித் தலைகவிழ்கிறாள். ஓரிரவில் அத்தனை முகங்களையும் வரைந்தவள் அவித்த முறையில் அல்லாமல் வேறெவ்வாறு வரைந்திருப்பாள்?

இவையெல்லாம் நூலில் உள்ளவை. சுவரில் உள்ளவை என்ன சொல்கின்றன?

நம் நாட்டுச் சுவரோவியம் எழுதப்படும் முறையை முதலில் அறிய வேண்டும். கல்லின்மேல் முரட்டுச் சுதை பூசி, அதன்மேல் மெல்லிய வெண்சுதை தடவி, அந்தப் பரப்பில் முதலில் செங்காவியால் உருவத்தின் கோடுகளை எழுதுவர். பிறகு மஞ்சட்காவி, பச்சைமண், விளக்குக்கரி, சுண்ணம் முதலியவற்றால் வண்ணம் நிரப்புவர். இறுதியில் வேண்டிய இடங்களில் கருங்கோட்டால் உருவை மீண்டும் வரைந்து முடிப்பர். முதற்கோடு வண்ணத்துக்கு அடியில் புதைந்துவிடும். பார்ப்போர் அதைக் காணமாட்டார். ஓவியனுக்கும் சுவருக்கும் மட்டுமே அது தெரியும்.

காலம் செய்த விந்தை இங்கேதான் தொடங்குகிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. அதன் திருச்சுற்றில் உள்ள சிற்றறைகளில், பிற்காலத்தார் பூசிய வெள்ளைப்பூச்சுக்கு அடியில் ஓவியங்கள் இருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். அங்கே சோமாஸ்கந்தர் ஓவியம் ஒன்று இருக்கிறது. சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனும். வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. எஞ்சி நிற்பது செங்காவிக் கோடு. உமையின் முகச்சாய்வும், குழந்தையின் உடலும், பாதத்தின் வளைவும் அந்தக் கோட்டினாலேயே நமக்குக் கிடைக்கின்றன. பல்லவ ஓவியன் மறைத்துவிட எண்ணி எழுதிய புனையா ஓவியத்தைத்தான் நாம் இன்று பல்லவ ஓவியம் என்று போற்றுகிறோம். விழுப்புரத்துக்கு அண்மையில் உள்ள பனமலையிலும் இதே கதை. குடைநிழலில் முடிசூடிய தேவி, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவனின் ஆடலைக் காண்கிறாள். அவள் தப்பினாள், ஆடும் சிவனோ சில கோடுகளாகத் தேய்ந்துவிட்டான்.

புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் பலரும் அறிந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குகைக் கோயிலைப் புதுப்பித்தான் என்று கல்வெட்டு கூறும். தாமரைக் குளத்தையும் ஆடல் மகளிரையும் படத்தில் கண்டிருப்பீர்கள். அங்குள்ள தூணொன்றில் முடியணிந்த ஆடவன் தலையும் அவன்பின் ஒரு பெண்ணின் தலையும் உள்ளன. மகேந்திரவர்மன் என்றனர் சிலர். சீவல்லபனும் அவன் தேவியும் என்றனர் வேறு சிலர். எவராயினும், உருவத்தைப் பார்த்து எழுதியவனின் கை அங்கே தெரிகிறது. மகேந்திரன் தன்னைச் ‘சித்திரகாரப்புலி’ என்று கல்லில் பொறித்துக்கொண்டவன். அவன் முகம் நமக்குக் கிடைக்காமற் போனது காலத்தின் குறும்பு போலும்.

தஞ்சைப் பெரியகோயிலுக்கு வருவோம். 1010இல் நிறைவுற்ற அக்கோயிலில், கருவறையைச் சூழ்ந்த இருண்ட உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் 1930களில் இவற்றை ஆராய்ந்து, ஈரம் உலராத சுண்ணச் சுதையின்மேல் எழுதப்பட்டவை என்று நிறுவினார். இதன் பொருளை நாம் ஊன்றிக் காண வேண்டும். சுதை ஈரமாய் இருக்கும் சில மணி நேரத்துக்குள் ஓவியன் எழுதி முடித்தாக வேண்டும். எழுதியதை அழிக்க முடியாது. காலையில் கொத்தன் எவ்வளவு பூசினானோ அவ்வளவே அன்றைய ஏடு. ஆகவே கை தயங்காமல் ஓட வேண்டும். திரிபுராந்தகரின் விரிந்த கண்களிலும், சேரமான் பெருமாள் ஏறிச் செல்லும் குதிரையிலும், ஆடல் மகளின் வளைந்த முதுகிலும் நாம் காணும் தளர்வான, விரைந்த கோட்டுக்கு இதுவே காரணம். அக்கோடு நெகிழ்ந்திருப்பது பயிற்சிக் குறைவினால் அன்று, பயிற்சி முதிர்ந்ததனால்.

அங்கேதான், வெண்தாடியுடைய முதியவர் ஒருவரும் அவர் பின்னே இளையவர் ஒருவரும் நிற்கும் புகழ்பெற்ற பகுதி உள்ளது. முதியவர் கருவூர்த்தேவர் என்றும் இளையவர் இராசராசன் என்றும் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். நம் சங்க விழாக்களின் பதாகைகளிலும் நாட்காட்டிகளிலும் இராசராசன் முகமாக அச்சேறியதும் அம்முகமே. ஆனால் அவ்வாறு கொள்ளச் சான்றில்லை என்று மறுக்கும் அறிஞரும் உளர். தில்லைக் கூத்தனை அரசன் ஒருவன் தேவியருடன் வணங்கும் மற்றோர் ஓவியம் அதே சுற்றில் இருக்கிறது. அதுவே அவனைக் காட்டுவது என்பர். மும்பையில் பிறந்த நம் பிள்ளைகள் ‘இராசராசன் எப்படி இருப்பான்?’ என்று கேட்டால் நாம் திரைப்பட நடிகரின் படத்தைக் காட்டுவதைவிட, பெயர் உறுதிப்படாத இவ்விரு சோழ முகங்களைக் காட்டி, வழக்கு இன்னும் முடியவில்லை என்று உள்ளதைச் சொல்வதே நேர்மை. மேலிருந்த நாயக்கர் ஓவியங்களில் சிலவற்றைத் தொல்லியல் துறையினர் சிதையாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்திக் காத்துள்ளனர். ஒன்றைக் காட்ட மற்றொன்றை அழிக்காதது பாராட்டத்தக்கது.

கடல் கடந்தால் இலங்கையின் சிகிரியா. காசியப மன்னன் காலத்து (477-495) அப்பெண்ணுருவங்களுள் ஒன்றில் கை மூன்று இருப்பதுபோல் தோன்றும். ஓவியன் முதலில் எழுதிய கை நிலையை மாற்றி மறுமுறை எழுதினான். மறைத்த கை பிற்காலத்தில் வெளிப்பட்டுவிட்டது.

மராட்டிய மண்ணில் வாழும் நமக்கு அசந்தா அண்டை வீடு. அதன் கதையோ நம் சென்னையையும் பம்பாயையும் ஒருங்கே தொடுவது. 1819இல் ஆங்கிலேயப் படையதிகாரி ஒருவரால் மீண்டும் வெளியுலகுக்குத் தெரியவந்த அக்குகைகளின் ஓவியங்களைப் படியெடுக்க, 1844இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைப் படையைச் சேர்ந்த இராபர்ட் கில் என்பவரை அனுப்பினர். வௌவாலும் காய்ச்சலும் சூழ்ந்த அக்காட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்து அவர் பெரிய துணிகளில் வண்ணப்படிகள் எடுத்து இலண்டனுக்கு அனுப்பினார். 1866இல் சிடன்ஹாம் பளிங்கு மாளிகையில் தீப்பற்றி அவற்றில் மிகச் சிலவே எஞ்சின. அவர் 1879இல் இறந்து புசாவலில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தத் தீக்குப் பத்தாண்டு முன்னரே, 1856இல் இலண்டனில் வெளிவந்த நூலொன்றில், கில்லின் படிகளைப் பார்த்து வரைந்த சிறு கோட்டுப் படங்கள் இடம்பெற்றிருந்தன. வண்ணத் துணிகள் சாம்பலாயின. ஏட்டில் இருந்த கோடுகள் பிழைத்தன.

அடுத்து வந்தது பம்பாய். 1857இல் தோன்றிய பம்பாய் ஓவியப்பள்ளி, அதாவது இன்றைய ஜே.ஜே. கலைப்பள்ளி, அதன் தலைவர் ஜான் கிரிஃபித்ஸ் தலைமையில் 1872 முதல் 1885 வரை மாணவர்களை அசந்தாவுக்கு அழைத்துச் சென்று மீண்டும் படியெடுத்தது. அம்மாணவருள் பார்சி இளைஞரான பெஸ்தோன்ஜி பொமான்ஜி பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரானார். செங்குத்துச் சுவரிலும் தலைக்கு மேலான கூரையிலும் நெடிய வளைவுகளைத் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதியிருந்த திறத்தைக் கண்டு கிரிஃபித்ஸ் வியந்து எழுதினார். பழைய ஓவியம் தெளிவாய்த் தெரிய வேண்டுமென்று மூலத்தின்மேல் வார்னிஷ் பூசியதும் அக்காலத்தில்தான். அது நாளடைவில் பழுப்பேறி வண்ணங்களை மூடிற்று. அவர்கள் எடுத்த படிகளிலும் பல, 1885இல் இலண்டன் சவுத் கென்சிங்டனில் தீக்கிரையாயின. இருமுறை படியெடுத்து இருமுறை நெருப்புக்குக் கொடுத்தது, அசந்தாவுக்கு ஏதோ சாபம் போல் தோன்றுகிறது. கிரிஃபித்ஸ் எஞ்சியவற்றைக் கொண்டு 1896-97இல் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார்.

இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் ஆயனர் நினைவு வராமற் போகாது. கல்கி 1944 முதல் 1946 வரை எழுதிய ‘சிவகாமியின் சபத’த்தில் ஆயனச் சிற்பியார் அசந்தாவின் அழியா வண்ணத்தின் இரகசியம் அறியத் தவியாய்த் தவிக்கிறார். அந்த ஆசையே அவரையும் மகளையும் எத்தனை துன்பத்தில் தள்ளியது! கற்பனைதான். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மாமல்லபுரத்துச் சிற்பிக்கு அழியாத வண்ணம் எதற்கு? அழியாத கோடு அவர் கையிலேயே இருந்தது.

அசந்தாவின் கோட்டைக் கற்றுக்கொள்ளவே மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்தது. 1909-11 ஆண்டுகளின் குளிர்காலங்களில் ஆங்கிலப் பெண்மணி கிறிஸ்டியானா ஹெரிங்காம் படியெடுக்க வந்தபோது, வங்காளத்திலிருந்து நந்தலால் போஸ், அசித்குமார் ஹல்தார் ஆகியோரும், மைசூர் அரண்மனை ஓவியர் மரபில் வந்த கே. வெங்கடப்பாவும் உடன் இருந்தனர். நந்தலாலுக்கு அப்போது வயது இருபத்தெட்டுக்கு மேல் இராது. இருபது ஆண்டுகள் கழிந்தன. 1930இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். அந்த ஆண்டு நந்தலால் லினோலியப் பலகையில் செதுக்கி அச்சிட்ட காந்தி உருவம் ஒன்று வெளிவந்தது. கரிய பரப்பில் வெள்ளைக் கோடுகளால் ஆன உடல், கையில் ஊன்றுகோல், முன்வைத்த கால். முகத்தில் நுணுக்கம் ஒன்றுமில்லை. மூக்கின் நுனியும் கண்ணாடியும் மீசையும் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். அந்த நடையைப் பார்த்த எவரும் இவர் யார் என்று கேட்டதில்லை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்து மூலப்படியை ஓவியங்களால் அணி செய்ததும் அவர் தலைமையில்தான். அப்பக்கங்களுள் ஒன்றில் தண்டி நடைப்பயணமும், வேறொன்றில் நம் சோழர் காலத்து நடராசர் வடிவமும் உண்டு. அரசு ஊழியர்களில் எத்தனை பேர் அதனை அறிவார் என்பது ஐயமே.

முகலாயரும் இதில் நமக்குப் பிற்பட்டவரல்லர். ‘நீம் கலம்’ என்று அவர்கள் ஒரு முறையை வழங்கினர். பாதித் தூரிகை என்பது பொருள். மைக்கோடும் மெல்லிய ஓரிரு சாயலும் மட்டுமே அதில் இருக்கும். 1618இல் சகாங்கீரின் அவையில் இனாயத் கான் என்பவர், அபினியாலும் மதுவாலும் உடல் உருகிச் சாகும் தறுவாயில் பேரரசர் முன் கொண்டுவரப்பட்டார். ஓர் உயிரின்மேல் தோல் மட்டும் போர்த்ததுபோன்ற அக்கோலத்தைக் கண்டு திடுக்கிட்ட சகாங்கீர், ஓவியர்களை அழைத்து அவரை எழுதச் சொன்னார். இதனைத் தம் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். இனாயத் கான் விரைவில் இறந்தார். அந்நிகழ்ச்சியின் இரண்டு படங்கள் இன்றும் உள்ளன. ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள கோட்டுச் சித்திரம்; மற்றொன்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ள வண்ண ஓவியம். வண்ண ஓவியத்தில் மெத்தையும் திண்டுகளும் விரிப்பும் முறையாக இருக்கின்றன. கண் அவற்றில் சற்றுத் தங்கிவிட்டுப் போகிறது. கோட்டுச் சித்திரத்தில் அவ்வசதி இல்லை. திறந்த மார்பின் எலும்புகளும், குழிந்த கன்னமும், எங்கோ நிலைத்த கண்ணும் மட்டுமே. இவ்விரண்டில் எது வரைவு, எது செவ்வைப்படி என்று சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால் வரைவையே கோப்பில் வைப்பேன்.

மும்பைக் கோட்டைப் பகுதியில் 1922இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம், இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்று பெயர் பெற்றுள்ளது. முகலாய, இராசபுத்திர, தக்காணச் சிற்றோவியங்களை அங்கே நேரிற் காணலாம். மாட்டுங்காவிலிருந்து புறநகர் வண்டியில் அரைமணிப் பயணம். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஞாயிறுகளில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம்.

தமிழகத்திலோ கோட்டின் மரபு இதழ்களின் வழியாக வீட்டுக்கு வீடு வந்தது. சில்பியின் கோயில் சித்திரங்களுக்காகவே ஆனந்த விகடனைச் சேர்த்துத் தைத்து வைத்த குடும்பங்கள் பல. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் குந்தவையையும் வேறு முகத்தோடு நம்மால் நினைக்க முடிவதில்லை. கோபுலுவின் கோட்டில் தஞ்சாவூர்த் தெருவே நடமாடும். இவர்களைப் பற்றித் தனியே எழுதலாம்.

உருவச் சித்திரம் என்ற அளவில், நான் சுட்ட விரும்புவது ஓவியர் கே. எம். ஆதிமூலத்தை. திருச்சி மாவட்டத்தில் 1938இல் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியில் தனபாலிடம் பயின்றவர். காந்தி நூற்றாண்டாகிய 1969இல் அடிகளின் வாழ்வை இளமை முதல் இறுதிவரை ஏறத்தாழ நூறு கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாக வரைந்தார். பேனாவும் மையும் மட்டுமே கருவி. ஒரே முகம் நூறு முறை. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. சிலவற்றில் கோடுகள் நூல்கண்டு அவிழ்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஓடுகின்றன. எது கன்னம், எது சால்வை என்று பிரித்தறிய முடிவதில்லை. சற்று விலகி நின்றால் காந்தி இருக்கிறார். அவருடைய கோடுகள் பின்னர் சிற்றிதழ்களின் அட்டைகளுக்கும், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கும் வந்தன. ஆதிமூலம் 2008இல் மறைந்தார்.

பிற்காலத்தில் அவர் வண்ணத்துக்கே சென்றுவிட்டார். கோடே இல்லாத பெரிய பெரிய வண்ணப் பரப்புகளை எழுதினார். அவற்றைப் போற்றுவோர் மிகுதி. ஆயினும் அவர் பெயரைச் சொன்னதும் பழைய வாசகர் நினைவில் எழுவது அந்த மைக்கோட்டுக் காந்திதான்.